லெட்சர் ஜில்லாவின் படப் பெட்டி

ஒரு ஜில்லாவின் சரித்திரத்தை அறிய விரும்புவோர் முதற்கண் அதன் கச்சேரிப் பதிவேடுகளையும் வரிக் கணக்குகளையும் புரட்டுவர். நாம் படங்களைப் புரட்டினோம். பதிவேட்டில் நிலம் இருக்கும், வழக்கு இருக்கும், வரி இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுரங்கத் தொழிலாளி எப்படித் தலை வாரிக்கொண்டான் என்பது இராது. அதை அறிய வேண்டுமென்னும் ஆவலே சென்ற சில ஆண்டுகளாக நம்மை அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒரு மூலையிலே கட்டிப்போட்டிருக்கிறது.

அம்மூலை கெண்டக்கி மாகாணத்தின் தென்கிழக்கில், வர்ஜீனியா எல்லையை ஒட்டிக் கிடக்கும் லெட்சர் ஜில்லா. 1842-ம் ஆண்டில் அமைந்தது. தலைநகர் ஒயிட்ஸ்பர்க் என்னும் சிற்றூர். அப்பலாச்சிய மலைத்தொடரின் நடுவே அமைந்தமையால் சமநிலம் என்று சொல்லத்தக்கது அங்கே மிகச் சொற்பம். கசக்கிப் போட்ட சீலையின் மடிப்புகளைப்போல் மலைகளும், மடிப்புக்கொரு ஓடையும், ஓடைக்கொரு குடும்பக் கூட்டமுமாக அந்நாடு கிடக்கிறது. ஊரைக் கேட்டால் ஓடையின் பெயரைச் சொல்லுவர். கெண்டக்கி ஆற்றின் வடகிளை இங்கேதான் பிறந்து, ஒயிட்ஸ்பர்க்கின் ஊடே ஓடி, கீழேயுள்ள ஹசார்ட், ஜாக்சன் என்னும் பட்டணங்களைத் தொட்டுச் செல்கிறது. இவ்வாற்றை வாசகர்கள் நினைவிற் கொள்வார்களாக; பின்னர் இதனால் நேர்ந்ததைச் சொல்லவேண்டியிருக்கிறது.

மலைக்கு மேலே சோளமும் மலைக்குள்ளே கரியும் இருந்தன. சோளம் விளைத்தவர்களுக்குக் கரியின் விலை தெரியவில்லை. 19-ம் நூற்றாண்டின் இறுதி முதற்கொண்டு தரகர்கள் வீடு வீடாகச் சென்று, மண்ணின் மேற்பரப்பைக் குடியானவனுக்கே விட்டுவிட்டு, மண்ணுக்கு அடியிலுள்ள யாவற்றையும், அவற்றை எடுப்பதற்கு வேண்டிய எந்தச் செயலையும் செய்யும் உரிமையையும் பத்திரத்தில் எழுதி வாங்கினர். ஏக்கருக்கு அரை டாலர் கொடுத்து வாங்கிய நிலங்களும் உண்டு. பேரன் காலத்தில் இயந்திரங்கள் வந்து தோட்டத்தையும் தோப்பையும் பெயர்த்தபோது, பாட்டன் இட்ட கைந்நாட்டைக் காட்டி நீதிமன்றங்கள் வாயை அடைத்தன. 1988-ம் ஆண்டில் மாகாணத்து மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்தைத் திருத்திய பின்னரே அப்பத்திரங்களின் கொடுமை ஒருவாறு அடங்கிற்று.

1911-ம் ஆண்டை ஒட்டிக் கன்சாலிடேஷன் நிலக்கரிக் கம்பெனி இந்த ஜில்லாவிற்குள் வந்தது. இருப்புப் பாதையும் உடன் வந்தது. காடாயிருந்த பள்ளத்தாக்கில் ஜெங்கின்ஸ் என்று ஒரு பட்டணம் எழுந்தது. வீடு, கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், விளக்கு, ஏரி யாவும் கம்பெனியின் சொத்து. பட்டணத்தின் பெயரும் கம்பெனியின் நிர்வாகஸ்தர் ஒருவருடைய பெயரே. இக்கம்பெனி படம் பிடிப்பதில் மிக்க அக்கறை கொண்டிருந்தது. அப்படங்கள் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சிசாலையைச் சேர்ந்த ஆவணக்களத்தில் உள்ளன.

அவற்றைப் பார்ப்பவர்கள் முதலில் வியப்பர். வரிசை பிறழாத வீடுகள், ஒரே அளவான வேலிகள், வெள்ளையுடுப்புப் பிள்ளைகள், பந்தாட்டக் குழுவினர். அளவுகோல் வைத்து அடுக்கியதுபோல் எல்லாம் ஒழுங்காயிருக்கின்றன. இவை பொய்ப் படங்கள் என்று நாம் சொல்லவரவில்லை. வீடும் வேலியும் இருந்தனவே! ஆனால் இத்தாலியரும் ஹங்கேரியரும் தெற்கிலிருந்து வந்த கறுப்பரும் ஒரே சுரங்கத்தில் இறங்கி, கரையேறியபின் தனித்தனிப் பகுதிகளுக்குப் பிரிந்து சென்றனர் என்பதையும், கம்பெனிக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் உலோகத் துண்டுகள் நாணயமாய்ப் புழங்கின என்பதையும், வேலை போனால் வீடும் போகும் என்பதையும் வேலியின் நேர்த்தி நமக்குச் சொல்லுவதில்லை. பண்ணைக்காரன் தன் மாட்டைப் பிறருக்குக் காட்டும்போது அதனைக் குளிப்பாட்டிக் காட்டுவான். கம்பெனி அதைத்தான் செய்தது.

ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இவ்வகைப் படம் புதிதன்று. துரையின் பங்களாவையும் பால்கொட்டகையையும் காட்டும் பழைய படங்களில் நம்மவர் வாளி தூக்கியபடி ஓரத்தில் நிற்பர். துரையின் பெயர் அடியில் எழுதியிருக்கும். வாளிக்குப் பெயர் தேவையில்லை அல்லவா?

கம்பெனிக்கு அடுத்தபடி சர்க்கார் வந்தது. பொருளாதார மந்தத்தின்போது குடியானவர் நலம் நாடி ஏற்பட்ட ஓர் இலாகா, நாட்டின் நிலையைப் படம் பிடிப்பதற்கென்றே ஆட்களை அனுப்பிற்று. அவர்கள் எடுத்தவற்றுள் 1,75,000 நெகட்டிவுகள் வரை காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்துள்ளன, எவரும் பார்க்கலாம். 1938-ம் ஆண்டில் அவ்வேலைக்கு அமர்ந்த மேரியன் போஸ்ட் என்னும் இளம்பெண் (மணமானபின் வால்காட் என்று வழங்கப்பட்டவர்) 1940-ம் ஆண்டில் அதே வடகிளையாற்றின் கீழ்ப்பகுதியான பிரெத்திட் ஜில்லாவில் பல நாள் திரிந்தார். ஜில்லாப் பள்ளிக்கூடங்களின் மேற்பார்வையாளரான அம்மையார் ஒருவர் அவருக்கு வழித்துணை. பாதை என்று தனியே இல்லாமையால் ஓடையே பாதை. இரவல் வாங்கிய மோட்டார் வண்டி ஓடைக் கல்லில் சிக்கியது. கோவேறு கழுதை பூட்டி இழுத்தனர். அதற்கும் படம் இருக்கிறது.

வால்காட்டின் கண் நல்ல கண். வறுமையைக் காணும்படி அனுப்பப்பட்டவர் சிரிப்பையும் கண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் இரவில் கூடும் பணியார விருந்து ஒன்றை அவர் எடுத்திருக்கிறார். பெண்கள் தாம் சுட்ட பணியாரத்தைக் கொண்டுவந்து வைப்பர்; ஆண்கள் ஏலம் கேட்பர்; சேரும் பணம் பள்ளிக்கு. எந்தப் பணியாரம் எந்தப் பெண் சுட்டது என்பதை அறிந்துகொள்ளும் வித்தையில் வாலிபர்கள் எந்நாட்டிலும் தேர்ந்தவர்களே. ஏலத்தொகை பணியாரத்தின் சுவையைப் பொறுத்து உயர்ந்ததாக நாம் நம்பவில்லை. கரும்பையொத்த ஒருவகைச் சோளத்தட்டையை ஆட்டிப் பாகு காய்ச்சுவதும், குடும்ப இடுகாட்டில் கூடிப் பிரசங்கம் கேட்பதும் அவர் படங்களில் உள.

அவற்றிலெல்லாம் நம் மனத்தை விட்டு அகலாதது ஒன்று. சிலர் ஓடைப் படுகையின் வழியே, வீட்டில் செய்த சவப்பெட்டி ஒன்றைச் சுமந்து செல்கின்றனர். காலடியில் கூழாங்கற்கள், இருமருங்கும் செடிகொடிகள், மலைச்சரிவில் எங்கோ குடும்பத்துப் புதைகுழி. படத்தின் அடியில், மலைவாசிகள் சவப்பெட்டி சுமக்கின்றனர் என்று குறித்திருக்கிறது. சுமப்பவர் யார், பெட்டிக்குள் யார் என்பது இல்லை. அரசாங்கத்துக்கு அது வேண்டியிருக்கவில்லை.

பெயர் வேண்டியிருந்த ஒருவர் அந்நாட்டில் இருந்தார். முல்லின்ஸ் என்பது குடும்பப் பெயர். ஊரார் அவரைப் படக்காரன் என்றே அழைத்தனர். 1930-களின் நடுவிலிருந்து 1950-கள் வரை ஜெங்கின்ஸையும் சுற்றுப்புறத்தையும், எல்லைக்கு அப்பாலுள்ள வர்ஜீனியக் கிராமங்களையும் காமிராவுடன் சுற்றிவந்தவர். அவர் விட்டுச்சென்ற 3,000-க்கு மேற்பட்ட படங்களைப் பிற்காலத்தில் ஒயிட்ஸ்பர்க் ஸ்தாபனம் ஒன்று சேர்த்துக் காத்தது. அவரை எவரும் அனுப்பவில்லை. கம்பெனிக்கும் சர்க்காருக்கும் அவர் கணக்குக் காட்டவேண்டியதில்லை. திண்ணையில் நிற்கும் குடும்பமே அவருடைய எசமானர். படம் பிடிக்காவிட்டால் காசு இல்லை.

இந்த ஒரு வேற்றுமை எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. அவருடைய படங்களில் மனிதர் தாம் எப்படித் தோன்ற வேண்டுமென்று விரும்பினரோ அப்படித் தோன்றுகின்றனர். நல்ல சட்டையை உடுத்தியிருப்பர். பின்சுவரின் அழுக்கு தெரியாதிருக்கப் பூத்தையல் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டிருப்பர். போருக்குப் போகும் பிள்ளை புத்துடுப்பில் நிற்பான். கம்பெனியும் மாட்டைக் குளிப்பாட்டித்தானே காட்டிற்று, இதற்கும் அதற்கும் என்ன பேதம் என்று வாசகர்கள் கேட்கலாம். தன்னைத்தான் அலங்கரித்துக்கொள்வதற்கும் பிறனால் அலங்கரிக்கப்படுவதற்கும் உள்ள பேதந்தான். இதைப் பெரிய பேதம் என்றே நாம் கொள்ளுகிறோம்.

அம்மலைநாட்டில் இழவு வீட்டிலும் படம் எடுப்பர். திறந்த சவப்பெட்டியைத் திண்ணையிலோ வாசலிலோ வைத்து, பின்னால் மக்களும் பேரர்களும் வரிசையாய் நிற்க எடுத்த படங்கள் பல குடும்பங்களில் உண்டு. நகரத்தார் இதைக் கண்டு முகஞ் சுளிப்பர், விகாரம் என்பர். அவர்களுக்கு விளங்காதது யாதெனில், கரி குறையக் குறைய அம்மக்கள் டெட்ராயிட்டுக்கும் ஓஹையோ மாகாணத்துப் பட்டணங்களுக்கும் மோட்டார்த் தொழிற்சாலை வேலை தேடி ஆயிரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருந்தனர். 1940-ல் லெட்சர் ஜில்லாவின் ஜனத்தொகை 40,000-க்குச் சற்று மேல். 2020-ல் ஏறக்குறைய 21,500. தாய் இறந்த செய்தி டெட்ராயிட்டிலுள்ள மகனுக்கு எட்டி, அவன் புறப்பட்டு வருமுன் மண் மூடிவிடும். கடைசி முகத்தை அவனுக்குக் காட்ட வேறு வழி என்ன?

இதை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை. நமது பாட்டியாருக்கு இருக்கும் ஒரே படம் அவர் இறந்தபின் எடுத்தது. 1958-ம் ஆண்டு, பேராக்கில் ஒரு தோட்டம். உயிரோடிருந்த அறுபது ஆண்டுகளில் அவரை எவரும் படம் பிடித்ததில்லை; காலை நான்கு மணிக்குப் பெரட்டுக்கு ஓடும் கிழவியை எவர் பிடிப்பர்? இறந்த அன்று நமது தந்தையார் டவுனுக்குச் சைக்கிளில் சென்று சீனப் படக்காரரை அழைத்துவந்தார். பாட்டியாரை நாற்காலியில் சாய்த்து, நெற்றியில் நீறிட்டு, மாலை சூட்டி, இருமருங்கும் நாங்கள் நின்றோம். அசையாதே என்று அவர் எங்களை அதட்டினார், அசையாதிருந்தவர் ஒருவரே. இரண்டு பிரதி போட்டனர். ஒன்று வீட்டில், மற்றொன்று கப்பல் தபாலில் தஞ்சை ஜில்லாவிலிருந்த பெரியப்பாவுக்கு. வீட்டுப் பிரதியைக் கறையான் தின்றது. ஊருக்குப் போன பிரதியிலிருந்தே இன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் பாட்டியின் முகத்தை அறிகின்றனர். திண்ணையில் சவப்பெட்டியோடு நிற்கும் அந்த மலைக் குடும்பங்களைக் காணும்போது நமக்கு முகஞ் சுளிக்கத் தோன்றாததற்குக் காரணம் இதுவே.

ஜில்லாவின் சமய வாழ்க்கையைப் பற்றியும் படங்கள் மிகுதி. பழைய முறை பாப்டிஸ்டுகள் என்னும் சபையார் ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் செய்விப்பதும், இடுகாடுகளைக் கோடையில் செப்பனிட்டு மலர் வைத்துக் கூடுவதும் அவற்றில் காணலாம். ஒருவர் ஓர் அடியைப் பாடிக் கொடுக்க, சபை முழுவதும் அதனை நீட்டி வாங்கிப் பாடுவது அவர்கள் முறை. பாட்டுப் புத்தகம் வாங்க வழியில்லாத காலத்து ஏற்பாடு. வழி பிறந்த பின்னும் விடவில்லை. படத்தில் வாய் திறந்திருப்பது தெரிகிறது, பாட்டுக் கேட்கவில்லை. படத்தால் ஆகாதவையும் உண்டு.

1960-களில் காமிராக்கள் படையெடுத்தன. ஒயிட்ஸ்பர்க் வக்கீல் ஹாரி காடில் என்பவர் 1963-ல் வெளியிட்ட நூல் ஒன்று அம்மலைகளின் துயரத்தைத் தேசத்தின் காதில் ஓதிற்று. 1964 ஜனவரியில் லைஃப் பத்திரிகை கிழக்குக் கெண்டக்கியின் வறுமையைப் பக்கம் பக்கமாய்ப் படத்தில் காட்டியது. அவ்வாண்டே ஜனாதிபதி ஜான்சன் வறுமையின்மீது போர் தொடுத்தார். 1968 பிப்ரவரியில் செனட்டர் ராபர்ட் கென்னடி லெட்சர் ஜில்லாவுக்கே வந்து மக்களிடம் விசாரணை நடத்தினார். பின்னால் பத்திரிகைக்காரர் பெருங்கூட்டம். உதவி வந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பள்ளியில் உணவும், வைத்தியமும், சிறிது வேலையும் வந்தன. ஆனால் ஓட்டை விழுந்த திண்ணை, அழுக்குப் பிள்ளை, பல் போன கிழவன் என்னும் மூன்றைத் தவிர அம்மலைகளில் வேறொன்றும் இல்லை என்று தேசம் எண்ணத் தலைப்பட்டது. வண்ணம் பூசிய வீட்டுக்காரனும் அதே அவமானத்தைச் சுமந்தான்.

1967 செப்டம்பரில் அது வெடித்தது. கனடா தேசத்துச் சினிமாக்காரர் ஹியூ ஓகானர் என்பவர், டெக்ஸாஸில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்காக அமெரிக்காவின் பல முகங்களையும் எடுத்துவந்தார். லெட்சர் ஜில்லாவில் ஜெரிமயா என்னும் இடத்தில் வாடகை வீடொன்றின் திண்ணையில், கரி பூசிய முகத்தோடு அமர்ந்திருந்த சுரங்கத் தொழிலாளியைக் கண்டு, அவருடைய சம்மதம் பெற்றுப் படம் பிடித்தார். தொழிலாளிக்குத் தடையில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரரோ துப்பாக்கியுடன் வந்தார். குழுவினர் கருவிகளைச் சுமந்து வெளியேறிக்கொண்டிருக்கையிலேயே சுட்டார், ஓகானர் இறந்தார். வழக்கு ஹார்லன் ஜில்லாவுக்கு மாற்றப்பட்டது, ஜூரிகள் ஒருமனப்படவில்லை. மறு விசாரணைக்குமுன் குற்றவாளி தம் குற்றத்தைக் குறைந்த அளவில் ஒப்புக்கொண்டார். பத்தாண்டுத் தண்டனையில் ஓராண்டே சிறையிலிருந்தார். ஊரில் அவர்பால் அனுதாபம் காட்டியோர் பலர்.

கொலை கொலையே. அதற்கு நியாயம் கற்பிப்பவர்களோடு நமக்கு உறவில்லை. அன்றியும் படம் எடுக்கச் சம்மதித்தவன் வாடகைக்காரன், சினந்தவன் வாடகை வாங்குபவன் என்பதை மறந்து, ஊரின் மானம் ஊரின் மானம் என்று பேசுவோரையும் நாம் நம்புவதில்லை. மானத்தின் பெயரால் சொத்துக்காரன் தன் கிழிசலை மறைப்பது எங்கும் உள்ளதே. ஆயினும் அந்த ஊரார் நெஞ்சிலிருந்த புண் உண்மையான புண்.

நாம் பத்துப் பன்னிரண்டு வயதினராயிருந்தபோது எங்கள் லயத்துக்கும் ஒரு வெளியூர்க் கனவான் காமிராவுடன் வந்தார். எங்களை அன்பாகவே நடத்தினார், மிட்டாயும் தந்தார். தமிழ்ப்பள்ளிக்குத் தொழிலாளர் தம் கையால் எழுப்பிய புதிய கொட்டகையை எங்கள் வாத்தியார் காட்டியபோது தலையசைத்துவிட்டு, சாக்கடை ஓரத்தில் அரையில் துணியில்லாமல் நின்ற எமது தம்பியை எடுத்தார். மாதங்கள் சென்று அது ஒரு பத்திரிகையில் வந்தது. சாக்கடை மெய், தம்பி மெய், நிர்வாணமும் மெய். தந்தையார் அப்பத்திரிகையை நெடுநேரம் பார்த்தார். பின்பு மடித்துக் கூரையில் செருகிவிட்டார். அந்த ஆண்டு சாக்கடைக்குச் சிமெண்டு போட்டார்கள். ஆதலின் அந்தக் கனவானை நன்றிகெட்டுத் தூற்றவும் நமக்கு மனமில்லை. தந்தையார் அவ்வாறு மடித்த விதத்தை மறக்கவும் இயலவில்லை.

லெட்சர் ஜில்லா மக்கள் இதற்குத் தாமே ஒரு விடை தேடினர். 1969-ல் வறுமை ஒழிப்பு நிதியின் உதவியால் ஒயிட்ஸ்பர்க்கில் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தது. மலைநாட்டு இளைஞர்கள் கையில் காமிராவைக் கொடுப்பது நோக்கம். பயின்றவர்கள் பட்டணத்துக்கு வேலை தேடி ஓடாமல் அங்கேயே தங்கிவிட்டனர். அப்பல்ஷாப் என்று பெயர் பெற்ற அந்த ஸ்தாபனம் நாட்டு வைத்தியச்சிகளையும், போர்வை தைப்போரையும், பாடகர்களையும், சுரங்கத் தொழிலாளரையும் எடுத்துவந்தது. ஓகானர் கொலையைப் பற்றியும் அவர்களே படம் எடுத்தனர். எலிசபெத் பாரெட் என்னும் அம்மண்ணின் மகளார் 2000-ல் வெளியிட்ட அப்படத்தில், இறந்தவரின் மகளையும் ஊராரையும் சமமாய்ப் பேசவிட்டார். உள்ளூர்க்காரர் எடுத்தால் சண்டை வராது என்பதும் இல்லை. இந்த ஜில்லாவிலேயே வளர்ந்த ஷெல்பி லீ ஆடம்ஸ் என்பவர் ஆண்டுகள் பல உழைத்து மலைக் குடும்பங்களை எடுத்தார். எடுத்தவருக்கெல்லாம் பிரதி கொடுத்தார். அவர்களும் அவரை உறவினராய் ஏற்றனர். எனினும் ஒரு பன்றியடிப்புப் படத்துக்கு அவர் தாமே பன்றி வாங்கித் தந்தது வெளியானபோது, கூத்து ஜோடிக்கிறார் என்று கண்டித்தனர். எடுக்கப்பட்ட குடும்பத்தார் மட்டும் இறைச்சியைக் குறைகூறவில்லை.

2022 ஜூலை 28-ந் தேதி விடியுமுன் வடகிளையாறு கரைபுரண்டது. ஒயிட்ஸ்பர்க்கில் 1957-ல் கண்ட 14.7 அடியே அதுவரை உச்சம்; அன்று 20 அடிக்கு மேல் ஏறிற்று. கிழக்குக் கெண்டக்கியில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைகளைச் சுரண்டி மரத்தை அகற்றிய இடங்களில் மழை நிற்க இடமின்றிப் பாய்ந்தது என்பாரும் உளர். வீடுகள் மிதந்தன. அப்பல்ஷாப்பின் காப்பறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஐம்பது ஆண்டுகளின் பிலிம்களும் நாடாக்களும் படங்களும் சேற்றில் கிடந்தன. தம் வீடுகளையே இழந்தவர்கள் வந்து அவற்றைக் கையால் அள்ளி வெளியே எடுத்தனர்.

நனைந்த படத்தைக் காப்பாற்றுவது காலத்தோடு செய்யும் போட்டி. பிலிமின்மேல் பூசிய ஜெலட்டின் தண்ணீரில் ஊறி வீங்கும், ஒன்றோடொன்று ஒட்டும், இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பற்றும், அவசரப்பட்டு உரித்தால் முகம் எதிர்த் தாளோடு போய்விடும். ஆகவே பலவற்றை உறைபனியில் இட்டு நிறுத்திவைத்தனர். பின்பு அவற்றைத் தொலைவிலுள்ள நிபுணர்களின் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினர். நல்ல நீரில் கழுவி, ஒவ்வொரு சுருளாய் உலர்த்தும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுப்பது.

முகம் கரைந்துபோன தாள்கள் சில இருக்கத்தான் செய்யும். ஆனால் படக்காரர் முல்லின்ஸ் எடுத்த படங்கள் காசு கொடுத்தவர் வீட்டுக்கெல்லாம் போயின. அங்கிருந்து சில டெட்ராயிட்டுக்கும் டேட்டனுக்கும் தபாலில் போயிருக்கும். ஆறு அத்தனை தூரம் ஏறவில்லை. அப்பட்டணங்களில் ஏதோ ஒரு வீட்டுப் பரணில், பழைய சப்பாத்துப் பெட்டிக்குள், திண்ணையும் போர்வையும் வரிசையாய் நிற்கும் பேரர்களும் இன்னும் இருக்கக்கூடும். பின்புறத்தில் பென்சிலால் பெயர்களும் எழுதியிருக்கலாம்.